இடது தோளுக்குப் பின்னாடி

சுடுதண்ணின்னுதான் அவனுக்குப் பேரு. பெத்தவங்க வெச்ச பேரு பாஸ்போர்ட்டோட சரி. பந்து வந்து பட்டதும், கால்ல யாரோ சுடுதண்ணிய ஊத்திட்ட மாதிரி அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டுடுவான். அந்த வேகத்துக்கே ஆறு நாட்டுல பதினொரு ஃபுட்பால் கிளப்பு அவனைக் கூப்பிட்டு நடுக்களத்துல நிறுத்திச்சு. நடுவுல ஆடுறவனுக்கு முன்னாடியும் ஆளு, பின்னாடியும் ஆளு. பந்து வர்றதுக்கு முன்னாலயே தோளுக்கு மேல திரும்பித் திரும்பிப் பாத்துக்கணும். எல்லாரும் செய்யறதுதான். ஆனா இவன் இடது பக்கம் பாத்தா மட்டும், ஆளே இல்லாத எடத்துல ஒருத்தன் ஓடி வருவான்.

முகம் தெரியாது. கடைக்கண்ணுல ஒரு சட்டை, தூக்கின ஒரு கால், அவ்ளோதான். புது ஊருக்குப் போனா ஏழெட்டு மாசம் நிம்மதியா இருக்கும். அப்பறம் ஏதோ ஒரு பிராக்டீஸ்ல திரும்பிப் பாப்பான், வந்துட்டிருப்பான் பாவி. உடனே மூட்டை முடிச்சைக் கட்டிட வேண்டியதுதான்.

இந்தத் தடவை மகள் ஒத்துக்கல. ஒம்பது வயசுக்குள்ள அஞ்சு பள்ளிக்கூடம் பாத்துடுச்சு அந்தப் பொண்ணு. அட்டைப்பெட்டியோட வந்து நின்னவன்கிட்ட, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, "நீங்க போயிட்டு வாங்கப்பா. நானும் அம்மாவும் இங்கயே இருக்கோம். அப்பப்ப போன் பண்ணுங்க"ன்னுடுச்சு.

பொண்டாட்டி சிரிக்கல. அவன் அட்டைப்பெட்டியைக் கீழ வெச்சான்.

கோச் வேற உக்கார வெச்சு, வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "இங்க பாருய்யா, உன் பின்னாடி ஈ காக்கா இல்ல. எதுக்கு இப்படிப் பதறுற? முப்பத்திமூணு வயசுல உன்னை ஓடவா சொல்றேன்? இடது பக்கமா திரும்பி, பந்தை வெச்சு ஆடுன்னுதானே சொல்றேன்! சனிக்கிழமை திரும்பினா இன்னும் ரெண்டு வருஷம் இரு. இல்லன்னா வேற எடம் பாத்துக்கோ."

வீட்டுக்கு வந்தான். பதினாலு வருஷமா மென்னு முழுங்கினதை, சமையலறை வாசல்லயே நின்னு பொண்டாட்டிகிட்ட கக்கிட்டான். முதல் கிளப்புல ஒரே ரூம்ல இருந்த கூட்டாளி, நெட்டைன்னு கூப்பிடுவாங்க. டீம்ல ஒரு எடம், அதுக்கு இவங்க ரெண்டு பேரு. டீமை அறிவிக்கிறதுக்கு முந்தின நாள் பிராக்டீஸ்ல, இவன் இடது பக்கமா பின்னாலேர்ந்து வழுக்கிட்டுப் போய், நெட்டையோட முட்டியில கால வெச்சுட்டான். கால் தவறிடுச்சுன்னு எல்லாரும் பரிதாபப்பட்டாங்க. நெட்டை அதுக்கப்பறம் ஆடவே இல்ல.

"தவறலையா?"ன்னு கேட்டா அவ.

"இல்ல."

அவ அடுப்பை அணைச்சா. போனை எடுத்து அவன் கையில திணிச்சா. "பேசுங்க. நான் இங்கயேதான் நிப்பேன்."

நாலு பேரைக் கேட்டு நம்பரைப் பிடிச்சான். நெட்டை இப்ப கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறானாம்.

"அடேய் சுடுதண்ணி! நான் இருக்கேனா செத்தேனான்னு கேக்க இப்பத்தான் நேரம் கெடைச்சுதா?"

"நெட்டை... அன்னிக்கு நான் வேணும்னுதான்..."

"தெரியும்டா. அடிபட்டவனுக்குத் தெரியாதா? மூணு வருஷம் உன்னைத் திட்டாத நாள் இல்ல. அப்பறம் பொழப்பைப் பாக்கணுமே! பிரேக்கை மிதின்னா கண்ணை மூடிக்கிறவங்களோட மாரடிக்கிறேன், உன்னை எங்க நெனைக்கிறது!"

"அப்ப ஏன்டா இன்னும் என் பின்னாடியே வர்ற?"

ஒண்ணு விடாம சொன்னான். அந்தப் பக்கம் சிரிப்பு நின்னுபோச்சு.

"நான் ஏன்டா வரப்போறேன்?" நெட்டை குரலைத் தாழ்த்திட்டான். "யோசிச்சுப் பாரு. அன்னிக்கு நான் முன்னாடியில்ல போய்க்கிட்டிருந்தேன்? இடது பக்கமா, பின்னாலேர்ந்து வந்தது யாரு?"

போனை எப்ப வெச்சோம்னே இவனுக்குத் தெரியல.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் கொளுத்துது. மூணாவது வரிசையில பொண்டாட்டியும் மகளும். பந்து வந்துச்சு, திரும்பிப் பாத்தான். வர்றான். தள்ளிவிட்டுடலாம், வலது பக்கம் ஆள் சும்மாதான் நிக்கிறான். "திரும்புய்யா!"ன்னு கோச் தொண்டை கிழியக் கத்துறார். பந்தைக் காலடியில அடக்கிக்கிட்டு, முழுசா இடது பக்கம் திரும்பினான்.

அப்பத்தான் முகம் தெரிஞ்சுது. பத்தொம்பது வயசு. அரும்பு மீசை. இவன் மூக்கு, இவன் கண்ணு. பந்தை ஏறெடுத்தும் பாக்காம, பல்லைக் கடிச்சுக்கிட்டு, இவன் முட்டியையே குறி வெச்சு வர்றான். இவன் வெலகல.

சடக்குன்னு ஒரு சத்தம். மூணாவது வரிசை வரைக்கும் கேட்டுச்சாம்.

டீம் டாக்டர் ஓடி வந்து முட்டியைத் தொட்டதுமே அவர் முகம் செத்துப்போச்சு. "எப்படிய்யா ஆச்சு? யாரு இடிச்சா?"

"நான்தான்."

"வலியில பேத்தறான்"னார் டாக்டர் கோச்கிட்ட. "கிட்ட ஒருத்தரும் இல்லையே!"

மகள் அழுதுக்கிட்டே ஓடி வந்து தலைமாட்டுல உக்காந்துச்சு. "எங்கயும் போகலம்மா, இங்கயேதான் இருக்கப் போறோம்"னு அது கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். பிடிச்சுக்கிட்டானே ஒழிய, கண்ணு அதுமேல இல்ல. அந்தப் பத்தொம்பது வயசுக்காரன் எழுந்து, முட்டியில ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, நடுக்களத்துல இவன் எடத்துல போய் நின்னான். பந்து வரட்டும்னு, தோளுக்கு மேல திரும்பிப் பாத்துக்கிட்டு.