நேர்ந்துவிட்ட தலை

நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பாதை விழுந்திருந்தது, அதன் இருபுறமும் கத்தரிக்கோல் கடித்துத் துப்பிய கட்டை முடி குத்திட்டு நின்றது, குளியலறைக் கண்ணாடியில் அதைப் பார்த்த கோகிலவாணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு எரிச்சல், ஏனென்றால் அந்தப் பாதையில் மூன்று இடத்தில் ரத்தம் பொடித்திருந்தது, புருஷனின் ரேசர் அவன் குணம் மாதிரியே காய்ந்த இடம் பார்த்துக் கடிக்கும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊறவே இல்லை, வெந்நீரை ஊற்றி நாலு நிமிஷம் பிசைய வேண்டும், மூன்று வயதில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து மொட்டையடித்துக்கொண்டபோது நாவிதர் அப்படித்தான் பிசைந்தார், அவர் கட்டைவிரல் உச்சந்தலையில் சுற்றிச் சுற்றிப் போனதும் மாமாவின் வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, அல்லது யாரோ சொல்லிச் சொல்லி ஞாபகமாகிவிட்டது, எப்படியோ, மக்கில் வெந்நீரை மொண்டு தலையில் ஊற்றுகிறாள், துணி சோப்பைத் தேய்க்கிறாள், மேலுக்குப் போடும் சோப்பு நுரைக்கவில்லை, துணி சோப்புத்தான் நுரைக்கிறது, வெட்டுக்காயத்தில் பட்டுச் சுரீர் என்கிறது, எரியட்டும். வெட்டி எடுத்த பின்னல் வாளிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கிறது, இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல், ரப்பர் பேண்டு அவிழாமல், நேற்றைய மல்லிகைக் காம்புகூட அதில் அப்படியே.

கோகிலா, ஏழு மணிக்குக் கார் வந்துரும், வெரசா வா, தலைக்கு எண்ணெ வெச்சுராத, கத்தி வழுக்கும், என்று வெளியே மாமியார் பாவாயியின் குரல் போகிறது, சந்தனம் அரைக்கும் சத்தம் கூடவே கேட்கிறது, கோயிலில் மொட்டையடித்த பிறகு தலையில் பூசுவதற்கான சந்தனம், தலை இங்கே இருக்கிறது, தலைக்கான சந்தனம் அங்கே தயாராகிறது, நடுவில் ஒரு தாழ்ப்பாள். ஆகட்டுங்க அத்தை, என்றாள் கோகிலவாணி, பன்னிரண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன பதில் அதுதான். அத்தை நேர்ந்துகொள்வாள், இவள் நிறைவேற்றுவாள், அந்த வீட்டின் பக்தி அப்படி நடந்துகொண்டிருந்தது. பிள்ளை வேண்டி மண்சோறு தின்கிறேன் என்று அத்தை வேண்டினாள், கோயில் தரையில் போட்ட சோற்றைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாயைப் போல வாயால் எடுத்துத் தின்றது கோகிலவாணி. அத்தையின் முழங்கால் வலிக்குத் தீச்சட்டி எடுத்ததும் கோகிலவாணிதான். பிள்ளையும் வரவில்லை, முழங்காலும் ஆறவில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று சும்மாவா சொன்னார்கள், தேங்காய்க்கு வாயிருந்தால் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில், கூரைத் தகடு அடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் தனபாலன் மேலேயிருந்து விழுந்தான், தலை இரும்புச் சட்டத்தில் மோதியது, கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து தைத்தார்கள், நாற்பத்தெட்டு மணி நேரம் போகட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டு நடந்தார், தாழ்வாரம் முழுக்க அவன் சொந்தக்காரர்கள், பட்டறை ஆட்கள், எல்லாரும் அழுகிறார்கள், தரை கழுவிய பினாயில் வாசம் அடிக்கிறது, பாவாயி எழுந்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், கோகிலவாணியின் உச்சந்தலையில் கையை வைத்து, குலதெய்வம் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி நின்று, ஆத்தா கரைமேட்டம்மா, இவ முடியை மொத்தமும் உனக்குத் தந்தர்றேன், என்ற மவன் உசுரை எனக்குக் குடு, என்றாள். அவ்வளவுதான். ஆட்டை வெட்டுவதற்கு முன்னால்கூட அதன் மேல் மஞ்சத்தண்ணி தெளித்து, அது தலையை ஆட்டிச் சம்மதம் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் அவன் கண்ணைத் திறந்தான்.

அவன் கண்ணைத் திறந்ததும் தாழ்வாரத்தில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், கோகிலவாணியும் கும்பிட்டாள், கைகள் தாமாகச் சேர்ந்துகொண்டன, உள்ளே மட்டும் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொண்டது, அந்த மூன்று நாளும் அவள் என்ன வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும், யாரிடமும் சொல்ல முடியாது, தன்னிடமே சொல்லிக்கொள்ள ஐந்து மாதம் பிடித்தது. அவன் பிழைக்க வேண்டும் என்று அவள் வேண்டவே இல்லை. சாக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவும் இல்லை, அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை, ஆத்தா உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்லும்போதே தன் இஷ்டம் எது என்று ஆத்தாளுக்குத் தெரியும் என்று நம்பினாள். அவன் அவள் பின்னலை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் அடிப்பான், பின்னல் நீளமாக இருந்தது அவனுக்கு வசதி, அடுத்த அறையில் பாவாயி டிவி சத்தத்தைக் கூட்டுவாள், நாடகத்தில் யாரோ அழுவார்கள், இங்கே இவள் அழுவாள், இரண்டும் சேர்ந்து தெருவுக்கு ஒரே சத்தமாகக் கேட்கும். அந்தக் கைக்கு உயிர் திரும்பி வந்ததற்கு நன்றி என்று அம்மன் முன்னால் போய்த் தலையைக் கொடுக்கச் சொல்கிறார்கள், முடி போவது பெரிதில்லை, சனியன், எப்போதோ வெட்டியிருக்க வேண்டியது, ஆனால் நன்றி என்ற பொய்யை அவள் தலையில் எழுதி ஊர் பார்க்க அழைத்து வருவார்களாம், ஆத்தாளிடம்கூடவா பொய் சொல்வது.

ரேசரைக் கீழ்நோக்கி இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, மேல்நோக்கி இழுத்தால் கடிக்கிறது, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை மக்கில் முக்கி உதறாவிட்டால் முடி அடைத்து வெறுமனே தேய்க்கிறது, இடது கையால் தோலை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும், இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை, வெட்டு வாங்கி வாங்கித்தான் தெரிந்துகொள்கிறாள். காதை மடித்துப் பிடித்து அதன் பின்னால் இழுக்கிறாள், ஒரு நிமிஷம் மூச்சை நிறுத்திக்கொள்கிறாள், வெட்டுப் படாமல் வந்துவிட்டது. உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்றே பிடிபடவில்லை, ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பி இழுக்க வேண்டியிருக்கிறது. சுழிக்கு இடப்பக்கம் விரல் தடுக்கியது, முடி முளைக்காத ஒரு சின்னத் தழும்பு, அவன் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதியது, தீபாவளிக்கு மறுநாள், என்ன காரணம் என்று நினைத்துப் பார்க்கிறாள், ஞாபகம் வரவில்லை, காரணம் ஒன்றும் இருந்திருக்காது.

அவள் கேட்காமலும் இல்லை. போன வாரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாவாயியிடம், ஏனுங்க அத்தை, பூமுடி குடுத்தா ஆகாதுங்களா, மூணு விரக்கடை வெட்டிக் குடுத்தா அம்மன் ஏத்துக்குவான்னு சொல்றாங்களே, என்று கேட்டாள். பாவாயி முறத்தை நிறுத்தவில்லை. மொத்தமும்னு சொல்லித்தான் வேண்டியிருக்கறேன், சாமிகிட்டப் போயிப் பேரம் பேசுவாங்களா. அப்ப அவரே மொட்டை போட்டுக்கட்டுமே, பொழைச்சது அவருதானுங்களே. தையல் போட்ட தலையில கத்தி வெக்கறதா, நல்லாக் கேட்ட போ. அப்ப நீங்க, என்று வாய் வரைக்கும் வந்ததை கோகிலவாணி விழுங்கினாள். இரவு சாப்பிடும்போது தனபாலனிடம் சொல்லிப் பார்த்தாள், அவன் மோரை உறிஞ்சிவிட்டுச் சிரித்தான், மயிரைக் கட்டி மலையை இழுத்தாங்களாம், வந்தா மலை போனா மயிரு, அம்மா இழுத்துச்சு, மலை வந்து உன்ற எதுக்க உக்காந்திருக்கு, அப்பறம் என்ன. மயிர் யாருடையது என்று அந்தப் பழமொழி கேட்பதே இல்லை.

கதவு தட்டப்படுகிறது, கோகிலா, கார்க்காரன் வந்துட்டான், தனபாலு முன்னாடி ஏறி உக்காந்துட்டான், இன்னும் என்ன பண்ற, மறுபடி தட்டுகிறது, இந்த முறை உள்ளங்கையால், கோகிலவாணி ரேசரைக் கையில் வைத்துக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கினாள்.

பாவாயி அலறுவாள் என்று எதிர்பார்த்தாள், அலறவில்லை, சந்தனக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்று, நுரையும் ரத்தமும் வழிகிற அந்தத் தலையைப் பார்த்தாள், வாளியோரம் கிடந்த பின்னலைப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க முகம் வெளுத்துக்கொண்டே போனது. என்னடி பண்ணிட்ட, அம்மனுக்குச் சொன்ன முடிடி. கக்கூஸ்ல வெச்சு எடுத்த முடி சாமிக்கு ஆகுமாடி. ஆகாதுங்க அத்தை, தெரிஞ்சுதான் எடுத்தேன். சொன்ன சொல்லு தப்புனா குடுத்தத அவ திருப்பி எடுத்துக்குவாளே, என்ற மவன் உசுருடி அது. தெரியுங்க அத்தை, என்றாள் கோகிலவாணி, அதுவும் அவளுக்குத் தெரியும், அவளும் அந்த ஆத்தாளுக்குப் பயந்து வளர்ந்தவள்தான், முதல் கோட்டை இழுப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் அந்தப் பயத்தோடு கண்ணாடி முன் நின்றிருந்தாள், பிறகு குரல் நடுங்காமல் அடுத்ததையும் சொன்னாள். நீங்க வேண்டினது உங்க மவனுக்கு. நான் வேண்டல. அவரு பொழைக்கணும்னு நான் ஒரு தடவைகூட வேண்டல. என்ற தலை வந்து நன்றி சொல்லாது.

சொல்லிவிட்டு அவள் அடிக்காகக் காத்திருந்தாள். பாவாயி கிண்ணத்தைத் தொட்டிமேல் வைத்தாள். அது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச, என்றாள், குரல் அவ்வளவு தணிவாக வந்தது. அங்க அத்தனை பேரு அழுதாங்க, நீ அழுவலை. கண்ணுல பொட்டுத் தண்ணியில்ல. என்ற மவனுக்கு எதுக்க ஒரு மனசு நிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்த மனசைக் கொண்டுபோயி ஆத்தா காலடியில போட்டாத்தான் அவன் எந்திரிப்பான்னு தோணுச்சு, அதுக்குத்தான் உன்ற தலைமேல கைய வெச்சேன், வேற எதுக்கு, முடிக்கா பஞ்சம்.

ஐந்து மாதமாக ஒளித்து வைத்திருந்தது ஒளிவாகவே இருந்ததில்லை. எல்லாம் தெரிந்துதான் இவள் சோறு போட்டாள், எல்லாம் தெரிந்துதான் தலைக்கு எண்ணெய் வைக்காதே என்றாள், கோகிலவாணிக்கு வெட்கம் வரவேண்டிய இடத்தில் வெறுப்புத்தான் வந்தது, அதுவும் கொதித்துக்கொண்டு வந்தது. நான் ஏன் அழுவலைன்னு உங்களுக்குத் தெரியுங்களா அத்தை. பக்கத்து ரூமுலதானுங்க இருந்தீங்க, என்றாள் கோகிலவாணி. பாவாயியின் கண் அந்த மழித்த தலையில் அலைந்தது, உச்சிக்கு இடப்பக்கம் அந்தத் தழும்பில் வந்து நின்றது, நின்ற இடத்தை விட்டு நகர ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு தன் கொண்டையை அவிழ்த்தாள், எலிவால் தடிமனுக்கு நரைத்த முடி தோளில் விழுந்தது, என்ற முடியக் குடுத்துப் பாக்கறேன், அவ வாங்கிக்கறதும் வாங்காததும் அவ இஷ்டம், என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

தெருவில் கார் உறுமியது. அவ எங்க, என்று தனபாலன் கேட்பது குளியலறை வரைக்கும் கேட்டது, கேட்ட குரலிலேயே கதவைத் திறந்து இறங்கப் போகிறான் என்று தெரிந்தது, கோகிலவாணியின் தோள் தானாகக் குறுகியது. இறங்காதடா, என்றாள் பாவாயி, அவ வீட்டுக்குத் தூரமாயிட்டா, கோயிலுக்கு ஆகாது, நீ வண்டிய எடுக்கச் சொல்லு. அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பொய். பன்னிரண்டு வருஷத்தில் அவள் இவளுக்காகச் சொன்ன முதல் பொய், இதை ஒரே ஒரு ராத்திரி, டிவியை அணைத்துவிட்டு எழுந்து வந்து சொல்லியிருக்கலாம், அப்போது வராத வாய் இப்போது வந்ததற்காகக் கண் கலங்கத் தேவையில்லை என்று கோகிலவாணி தனக்குச் சொல்லிக்கொண்டாள், கண் கலங்கியது, அதற்காகவும் பாவாயியின் மேல் ஆத்திரப்பட்டாள்.

கார் போய்விட்டது, வீட்டில் யாரும் இல்லை, சாயங்காலம் அவன் வருவான், இந்தத் தலையைப் பார்ப்பான், என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை, பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாகத் தெரியவில்லை, தான் என்ன செய்வோம் என்றும் தெரியவில்லை, கையில் ரேசர் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். பின்கழுத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பாதை மிச்சமிருந்தது, அது கண்ணாடிக்குத் தெரியாத இடம், வெந்நீரை ஊற்றிப் பிசைந்தாள், நாலு நிமிஷம் முழுசாகப் பிசைந்தாள், தோலை இழுத்துப் பிடித்து, விரல் நுனியால் வழி பார்த்து, அவசரப்படாமல் கீழ்நோக்கி இழுத்தாள். தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள், ரத்தம் இல்லை.