ஏழு எண்ணினால் ஆறு

2.

இந்தக் கதை என் பேன்டில் தொடங்கியது. மறைக்க ஒன்றுமில்லை, மறைக்க வேண்டிய கணுக்காலையே அது மறைக்கவில்லை. புதிதாகத் தைத்து வாங்கிய பேன்ட் ஓர் அங்குலம் குட்டை. சண்டை போடுவதற்காகத் தையல்கடைக்குப் போனேன். சண்டை நடக்கவில்லை, கதை கிடைத்தது. (போன வரைவில் வெட்கப்பட்டு அந்தப் பேன்டை ஒரு பல் டாக்டருக்குப் போட்டுவிட்டிருந்தேன். அவருக்கும் பொருந்தவில்லை.)

முதல் பகுதி எங்கே என்று தேடாதீர்கள். கிழித்துவிட்டேன். "மனிதன் எண்ணத் தொடங்கிய அந்த ஆதி நாளில்..." என்று ஆரம்பித்தது. படித்திருந்தால் நீங்களும் கிழித்திருப்பீர்கள். மற்ற பகுதிகளின் எண்களை மாற்ற எனக்குச் சோம்பல். மாற்றாமல் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது தானாக வரும்.

3.

ஆட்கள் அதிகமில்லை. ஒரு தையற்காரர், அவர் மனைவி, அவர்களுடைய ஆறு வயது மகள். மகளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் குண்டூசி. தொலைந்தால் தேடுவது கஷ்டம், மிதித்தால்தான் தெரியும். இன்னொருவர் ஏழாம் பகுதியில் வருவார். ஓர் அத்தையும் இருந்தாள். எல்லாவற்றுக்கும் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததால் மூன்றாம் வரைவில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

முன்னறை கடை. பின்னறை வீடு, பகலில் அதுவே பள்ளிக்கூடம்.

குண்டூசி நிஜப் பள்ளிக்கூடத்துக்குப் போனது மூன்று வாரம்தான். மூன்று வாரமும் அங்கே வாயைத் திறக்கவில்லை. நாலாம் வாரம் வீட்டிலும் பேச்சு குறைந்தது. அம்மா நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். "போதும், நானே சொல்லிக்கொடுத்துக்கறேன்" என்று கூட்டிவந்துவிட்டாள். எழுத்து வந்தது, வாசிப்பு வந்தது, பேச்சு காது புளிக்கப் புளிக்க வந்தது. கணக்கு மட்டும் வரவில்லை.

அப்போதுதான் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம். இருபதாம் தேதி ஒரு பார்வையாளர் வருவார். பத்துக்குள் கூட்டல் தெரியாவிட்டால் பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும். அம்மா அதை நாலு தடவை படித்தாள். பிறகு அலமாரியில் விரித்த காகிதத்துக்கு அடியில் ஒளித்து வைத்தாள், அப்படிச் செய்தால் இருபதாம் தேதிக்கு வழி தெரியாமல் போய்விடும் என்பது போல.

4.

இந்தக் காட்சியை நம்பும்படி எழுத என்னால் முடியவில்லை. நடந்தபடியே தருகிறேன், நம்புவது உங்கள் பாடு.

அம்மா தரையில் மூன்று பட்டன் வைத்தாள். பக்கத்தில் இன்னும் நாலு.

"எண்ணு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு."

"சமத்து. மொத்தம் எத்தனை?"

"ஆறு."

"இப்பதானடி ஏழு வரைக்கும் எண்ணுன?"

"ஆமா."

"அப்ப எத்தனை?"

"ஆறு."

பட்டனில்தான் கோளாறு என்று கரண்டிகளை எடுத்து வந்தாள். ஐந்து கரண்டி நாலானது. நாலு செருப்பு மூன்றானது. கடைசியில் விரல்களை எண்ணச் சொன்னாள். குண்டூசி பத்து வரை அழகாக எண்ணிவிட்டு "ஒம்பது" என்றாள். அம்மா பதறிப்போய்ப் பிள்ளையின் கைகளைப் பிடித்து எண்ணிப் பார்த்தாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு தன் விரல்களையும் எண்ணினாள்.*

* பத்து இருந்தன.

குண்டூசி அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மாவைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குக் காத்திருந்தாள். அந்தப் பார்வையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

5.

அடுத்து அம்மா என்ன செய்தாள்? ஒரு வரைவில் பென்சிலை உடைக்கிறாள். இன்னொன்றில் ஜன்னல் வழியே வானத்தை வெறித்தபடி நெடுநேரம் — எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடமே கேட்டேன். பட்டன்களுக்கு நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டாளாம். இருபதாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

குண்டூசியும் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"எனக்கு ஒண்ணுமே புரியலடி. ஏழு எண்ணுனா ஏன் ஆறு?"

அதுவரை நூறு தடவை 'தப்பு' என்று சொல்லியிருக்கிறாள். 'ஏன்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணைக் கழிக்கணும்ல?"

"எந்த ஒண்ணை?"

"கிழிஞ்சு போச்சே, அந்த ஒண்ணை. அப்பா அளக்கறப்ப பாரு. முப்பத்தொண்ணுன்னு படிப்பாரு, முப்பதுன்னு எழுதுவாரு. நீதான் எப்பவும் கழிக்க மறந்துடற. பாவமா இருந்துச்சு. அதான் சொல்லல."

விஷயம் இதுதான். தையற்காரர் கழுத்தில் பன்னிரண்டு வருடமாகத் தொங்கும் டேப்பில் முதல் அங்குலம் எப்போதோ கிழிந்துவிட்டது. அந்த டேப் ஒன்றில்தான் தொடங்கும். அதனால் அளந்து வரும் எண்ணில் ஒன்றைக் கழித்து எழுதுவார். ராசியான டேப் என்று மாற்றவும் மாட்டார். துணி வெட்டும் மேசைக்கு அடியில் விளையாடி வளர்ந்த பிள்ளை நாள் முழுக்க அதைத்தான் கேட்டிருக்கிறாள். எண்ணி முடித்ததும் ஒன்றைக் கழித்தால்தான் அவளுக்குக் கணக்கு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதித்த அந்தப் புண்ணியவான் வீட்டிலும் இப்படி ஒரு டேப் இருந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை. கேட்டதற்கு மேல் ஒரு கணக்கைச் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தாள்.

6.

அன்றைக்கே புது டேப் வாங்கியாயிற்று. மஞ்சள் நிறம். "இதுல எதுவும் கிழியல. அதனால எதையும் கழிக்க வேண்டாம். சரியா?" என்றாள் அம்மா. குண்டூசி நுனியை முகர்ந்து பார்த்தாள், கடித்துப் பார்த்தாள், ஒப்புக்கொண்டாள். மூன்றும் நாலும் ஏழாயின. விரல்கள் பத்தாயின.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். [மஞ்சள் டேப்பின் மீது மாலை வெயில் படர, தாயின் விழிகளில் ஒரு புதிய — அடித்துவிட்டேன், மன்னியுங்கள்.] முடிக்க முடியவில்லை. மகள் திருந்திவிட்டாள், அப்பா திருந்தவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கதோஷம் லேசில் போகுமா? புது டேப்பில் நாற்பது என்று படிப்பார். கை தன்பாட்டுக்கு முப்பத்தொன்பது என்று எழுதிவிடும். அது அவருக்கே தெரியாது. குண்டூசியோ பின்னறையில் மும்முரமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள், மேசைப் பக்கமே வரவில்லை. அந்த வாரம் ஏழு வாடிக்கையாளர்களின் கணுக்கால்கள் காற்று வாங்கின. அவற்றில் ஒரு ஜோடி என்னுடையது.

7.

இருபதாம் தேதி அந்தப் பேன்டைப் போட்டுக்கொண்டே போனேன். சாட்சி வேண்டுமல்லவா? அதே நேரத்தில் பார்வையாளரும் உள்ளே நுழைந்தார். கையில் நோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. கெட்டவராக எழுத எவ்வளவோ முயன்றேன், அவர் ஒத்துழைக்கவில்லை. நல்ல மனுஷி.

புது முகத்தைப் பார்த்ததும் குண்டூசி மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

"நாலும் மூணும் சேர்ந்தா எத்தனைம்மா?"

மூன்று தடவை கேட்டார். மூச்சுக்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த அதே ஊமைப் பிள்ளை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடுகள் மட்டும் 'ஏழு, ஏழு' என்று அசைந்ததை நான் பார்த்தேன்.

தையற்காரர் சும்மா இருக்க முடியாமல் டேப்பை எடுத்து என்னை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"நாப்பது..." என்று படித்தார். "முப்பத்தொம்பது" என்று எழுதப் போனார்.

"அப்பா! கழிக்காதீங்க!" மேசையே அதிர்ந்தது. "இது கிழியாத டேப்பு! அந்த மாமா காலைப் பாருங்க!"

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். எனக்கு அசடு வழிந்தது. தையற்காரர் டேப்பைப் பார்த்தார், கணுக்காலைப் பார்த்தார். "ஐயையோ, ஏழு பேன்டு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "நாலும் மூணும் எத்தனை, கண்ணு?"

"கிழிஞ்ச டேப்புலயா, கிழியாத டேப்புலயா?"

8.

இனி முடிவு. நான் பார்க்கவில்லை. "கழட்டுங்க சார், மடிப்பைப் பிரிச்சு விட்டுடறேன்" என்று தையற்காரர் அந்த நேரம் பார்த்து என்னைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். பேன்ட் அவர் கையில். நான் எப்படி வெளியே வருவது? நோட்டில் எழுதும் சத்தம் கேட்டது. நீளமாக எழுதினார். பிறகு அம்மாவின் குரல். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. திரைக்குப் பின்னால் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

மூன்று முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் அனுமதி கிடைக்கிறது. ஒன்றில் கிடைக்கவில்லை. மூன்றாவதில் அத்தை பஸ்ஸில் திரும்பி வருகிறாள், அதை உடனே கிழித்தேன். மிச்ச இரண்டில் எது என்று சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த மாதம் இந்தக் கதையைக் காட்டத் தையல்கடைக்குப் போனேன். புதன்கிழமை, காலை பதினொரு மணி, தெருவில் ஒரு பிள்ளை இல்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு என் தாள்களை வாங்கிக்கொண்டது.

"மாமா, முதல் நம்பரைக் காணோம்."

"கிழிச்சுட்டேன்மா."

தாள் புரளும் சத்தம். கடைசித் தாளில் சத்தம் நின்றது.

"எட்டுன்னு போட்டிருக்கு" என்றாள் குண்டூசி. "ஆனா ஏழுதான்."

அவள் சொன்னது சரியா என்று நீங்கள் எண்ணிப் பாருங்கள். நான் இப்போதெல்லாம் எண்ணுவதில்லை, அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.