வயிற்றுக்குப் பூச்சு

அன்புக்கரசி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்ப்பவளின் வயிற்றுப் புண் ஆறினால் என்ன, ஆறாவிட்டால் யாருக்கு என்ன? வெண்டைக்காயை நறுக்கி ஊறப்போட்டு அந்தக் கொழகொழத் தண்ணீரைக் குடித்தாள். எரிச்சல் அடங்கியது. சந்தோஷம் தாங்காமல் முதலாளி பாலகிருஷ்ணனிடமே போய்ச் சொன்னாள்.

"அந்தக் கொழகொழப்பு வயித்துக்குள்ளாற ஒட்டிக்கிட்டு புண்ணுல புளிப்பு படாம காக்குதாம் மொதலாளி. மாத்திரையோட இதையும் குடி, நேரத்துக்குச் சாப்புடுன்னாங்க டாக்டரம்மா."

கடைசி வார்த்தை அவர் காதில் ஏறவில்லை. "பொம்மைக்கு மேல பளபளன்னு கிளேஸ் பூசுற மாதிரின்னு சொல்லு."

"அப்புடித்தாங்க," என்று இவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

கொலு ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். மறுநாளே பட்டறையில் ஒரு வாளி வெண்டைக்காய்த் தண்ணீர் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு டம்ளர். ஒரு மணிச் சாப்பாடு மூன்று மணிக்குப் போனது. கலக்குவது அன்புக்கரசி.

"உள்ள பூச்சு போட்டாச்சு, இனிமே பசி தாங்கும்," என்றார் முதலாளி. மண்ணோடு கிடந்தவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. பூச்சு போட்ட பொம்மை சூளைச் சூட்டையே தாங்குகிறதே! பொம்மைக்கு உள்ளே வெறும் காற்றுதான் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அச்சிலிருந்து பொம்மை பிரிக்கும் கமலம் மட்டும் முறைத்தாள். அவளுக்கும் புண் இருந்தது. வேலை போய்விடுமென்று மற்றவர்களிடம் மறைத்து, அன்புக்கரசியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"உன் வயிறு ஆறுனதுக்கு எங்க சோத்துல ஏண்டி மண்ணள்ளிப் போட்ட?"

"மொதலாளிகிட்ட பேசுறேன்க்கா." பேசவில்லை. பயம்.

அந்த வாரமே கமலம் சூளையடியில் குந்தி வாந்தி எடுத்தாள். காப்பித்தூளைக் கரைத்தது போல ரத்தம் கறுப்பாக வந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்புக்கரசி அழுதுகொண்டே பாலகிருஷ்ணன் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு மணிக்கே சாப்பாட்டுக்கு வுட்டுடுங்க மொதலாளி. கமலம்க்காவுக்குப் புண்ணு. எனக்கு முன்னாடியே தெரியும்."

அவர் வாளியில் விரலை விட்டுத் தூக்கினார், கிளேஸின் பதம் பார்ப்பது போல. விரலில் நிற்காமல் சொட்டியது.

"தெரிஞ்சுமா இவ்ளோ தண்ணியா கலக்குன? இது எப்புடி ஒட்டும்?"

பெண்கள் எல்லாரும் அன்புக்கரசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கும் அப்பவே தண்ணியாதான் தெரிஞ்சுதுங்க," என்றாள் பொம்மைக்குச் சாயம் தீட்டும் அமிர்தம். "பாவி, இவ ஒழுங்கா கலக்கியிருந்தா கமலம் பொழச்சிருக்கும்."

கமலம் அப்போது இன்னும் உயிரோடுதான் இருந்தாள். மணி ஒன்றானது. கெட்டியாகக் கலக்கட்டும் என்று டம்ளரோடு நின்றார்களே தவிர, ஒருத்தியும் சாப்பாட்டுத் தூக்கைத் தொடவில்லை.