முடியவில்லை என்ற பதில்

பாடப்புத்தகங்களுக்குப் பதினான்கு வருடம் கேள்வி எழுதியவள் அவள். அந்த வேலை போன பிறகு, தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய் வந்தவர்களுக்கான ஒரு கைபேசிச் செயலிக்கு வாசகம் எழுதச் சேர்ந்தாள். நோயாளி தினமும் காலையில் ஆறு கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். சட்டைப் பொத்தானை நீங்களே போட முடிந்ததா? புரை ஏறாமல் தண்ணீர் குடிக்க முடிந்ததா? 'முடிந்தது' என்று தொட்டால் திரை பச்சையாகும். 'முடியவில்லை' என்றால், "பரவாயில்லை, நாளை இன்னும் முயலுங்கள்!" என்று வரும். அந்த ஆச்சரியக்குறியை வைக்கலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடம் யோசித்துத்தான் வைத்தாள்.

செயலியைச் சோதித்துப் பார்க்க மருத்துவமனையின் ஓர் அறையில் பன்னிரண்டு நோயாளிகளைக் கூட்டினார்கள். அவர்களில் ஒருவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். கைகளை மடியில் போட்டு, பக்கத்தில் மனைவியோடு உட்கார்ந்திருந்தவர், கேள்வி கேட்பவள் என்பதால் அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். இது இறக்கத்துல பிரேக் இல்லாம போற வண்டின்னு டாக்டரே சொல்லிட்டாரு. உங்க போன் நாளைக்கு முயற்சி பண்ணுங்கன்னா, நான் எதைப் பிடிச்சு இழுக்கிறது?"

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். அலுவலகத்தில் திட்டத் தலைவரிடம் சொன்னாள்.

"நல்ல பாயின்ட். ஆனா இப்ப மாத்தினா எல்லாம் தள்ளிப்போகும். அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

வாதாடியிருக்கலாம். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

செயலி வெளியானது. முந்நூறு பேர் சேர்ந்தார்கள். நான்காம் மாதக் கூட்டத்தில் தலைவர் ஒரு பக்கத்தைச் சுவரில் காட்டினார். டிரைவருடையது. முதல் சில நாள் தவிர, வயல் மாதிரி ஒரே பச்சை. "ஊக்கம் குடுத்தா மனுஷன் எப்படி நிக்கிறாரு பாருங்க!" எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அடுத்த மாதம் மருத்துவமனையிலிருந்து செவிலியர் கூப்பிட்டார். டிரைவர் தவறிவிட்டார். குடித்த தண்ணீர் நுரையீரலுக்குப் போய், காய்ச்சல் கண்டு, மூன்றே நாளில் முடிந்துவிட்டது.

"வாராவாரம் முடியலைன்னு சொன்னவங்க லிஸ்ட் எனக்கு வருது. ஒருத்தர் விடாம கூப்பிடறேன். நாலு மாசமா அவர் பேர் அதுல வரவே இல்லைங்க. வந்திருந்தா எப்படி விழுங்கணும்னு அப்பவே சொல்லிக் குடுத்திருப்பேன்."

ஒரு வாரம் கழித்து அவள் அந்த வீட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடி. கட்டில் மேல் அவருடைய சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் பொத்தான் இல்லை. பொத்தான் இருந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பட்டை தைத்திருந்தது. ஜன்னலோரம் மகள் உட்கார்ந்திருந்தாள். வெளியூரில் வேலை, அப்பாவுக்கு முடியவில்லை என்று வந்தவள்.

"நாந்தான் பிரிச்சுத் தச்சேன்மா," என்றார் டிரைவரின் மனைவி. "மூணு மாசமா அவருக்குப் பொத்தானே கிடையாது."

மூன்று மாதமும் அந்தக் கேள்விக்கு அவர் தந்த பதில் பச்சை.

"முதல்ல முடியலைன்னுதான் போட்டாரு. போட்டா அது இவளுக்கும் போயிடுது. உங்க அப்பாவை உற்சாகப்படுத்துங்கன்னு எழுதி வருதாம். இவ உடனே போன் பண்ணி, அப்பா, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்கப்பான்னு அழுவா. புள்ளை வேலை செய்யற இடத்துல உட்கார்ந்து அழுதுன்னு, எல்லாத்துக்கும் முடிஞ்சதுன்னே போட ஆரம்பிச்சிட்டாரு. புரை ஏறினாக்கூட, யாரோ என்னை நினைக்கிறாங்கடின்னு சிரிப்பாரு."

"தினமும் காலையில பார்ப்பேன்," என்றாள் மகள். "பச்சையா இருந்தா நிம்மதியா வேலைக்குப் போவேன். நாலு மாசமா ஊருக்கு வரணும்னே தோணலை." பிறகு திரும்பிப் பார்த்தாள். "அந்த வரியெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான்."

மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாடிப்படி வரை டிரைவரின் மனைவி கூடவே வந்தார். முதல் படியில் நின்று அவள் கேட்டாள்.

"என்ன எழுதியிருக்கணும்மா?"

"எனக்கென்ன எழுதத் தெரியும்? அவர் முடியலைம்பாரு. நான், சரிங்க, விடுங்க, நான் பார்த்துக்கறேன்னு சொல்லுவேன். உடனே அவர் மூஞ்சி லேசாயிடும்."

மறுநாள் தலைவரின் அறையில் அவள் உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னாள். மாற்றாமல் இனி ஒரு நாள்கூட இது போகக்கூடாது என்றாள். தலைவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பச்சைப் பக்கத்தைக் காட்டிக் கைதட்ட வைத்தவர் தான்தான் என்பது அவருக்கும் நினைவிருந்திருக்க வேண்டும். தேதி தள்ளிப்போவது பற்றி இந்த முறை பேசவில்லை.

மீதமிருந்த பதினொரு பேரையும் மறுபடி அழைத்து ஒவ்வொரு வரியையும் அவர்கள் எதிரில் வாசித்தாள். முகம் சுளித்த வரிகளை அங்கேயே அடித்தாள். பச்சை போயிற்று. நோயாளி சம்மதித்தால் மட்டுமே வீட்டாருக்குத் தகவல் போகும் என்றாயிற்று. 'முடியவில்லை' என்றால், "சரி. சொன்னதற்கு நன்றி. செவிலியர் உங்களைக் கூப்பிடட்டுமா?" என்று மட்டும் வரும். மகளுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை.

மாற்றிய செயலி ஒரு திங்கட்கிழமை வெளியானது. வழக்கமாக ஐந்தாறு பேர்தான் முடியவில்லை என்பார்கள். அன்று காலை நாற்பத்தொரு பேர்.

தலைவர் ஓடி வந்தார். "என்னங்க இது, ஒரே நாள்ல எல்லாருக்கும் மோசமாயிடுச்சா?"

"இல்ல சார். இன்னைக்குத்தான் சொல்றாங்க."

பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் செவிலியரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் எண்ணைப் படிக்கப் படிக்க, செவிலியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பாதிப் பட்டியல் முடிவதற்குள் ஒன்பது பேர், தண்ணீர் குடித்தால் ரொம்ப நாளாகவே புரை ஏறுகிறது என்றார்கள். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த எண்ணைப் படித்தாள்.