நாலாவது முட்டை

கூட்டில் மூன்று முட்டைகள்தான் இருந்தன. செவ்வாய்க்கிழமை நான் பார்த்தபோது நான்கு. குட்டைப் பைன் மரத்தின் அடிக்கிளைக்குள் தலையை நுழைத்து, வயிறு மணலில் பட நான் படுத்திருந்தேன். காதுக்குப் பின்னால் கொசு மொய்த்தது. முழங்கைக்கடியில் காய்ந்த பைன் காய் ஒன்று குத்தியது. அறுபது தாண்டிய பொம்பளை செய்கிற காரியமா இது என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் என்னையே திட்டிக்கொள்வேன், ஒவ்வொரு ஜூன் மாதமும் வந்து படுப்பேன். காணாமல் போனது குண்டு முட்டை. சிட்டின் தரைக்கூட்டில் மாட்டுக்குருவி போட்டுவிட்டுப் போன முட்டை.

அணிலோ நீலக் காகமோ வந்திருந்தால் கூட்டை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருக்கும். வேண்டாத ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுப் போகிற நாகரிகம் எந்த மிருகத்துக்கும் கிடையாது. நான் எழுந்து சுற்றிலும் பார்த்தேன். கூட்டருகே போகிறவர்கள் ஒரு பக்கமாக நடந்து, நிற்காமல் இன்னொரு பக்கமாக வெளியேற வேண்டும். வந்த தடத்திலேயே திரும்பினால் நரி அந்த வாசனையைப் பிடித்து நேரே கூட்டுக்கு வந்துவிடும். கூடு கணக்கெடுக்கிற எங்களுக்கெல்லாம் இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். இங்கேயும் ஒரு தடம் ஒழுங்காக ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போயிருந்தது. மணலில் பூட்ஸ் அடையாளம். வலது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

அந்தக் குதிகாலை எனக்குத் தெரியும். வீட்டு வாசலில் அதைக் கழற்றிப் போடு என்று நான் தினமும் கத்துகிற பூட்ஸ் அது. என் தம்பி டுவேனுடையது.

எங்கள் மிச்சிகன் காட்டில் டுவேனைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மாட்டுக்குருவிப் பொறி வைத்தவன். மாட்டுக்குருவிக்குக் கூடு கட்டத் தெரியாது. எங்கள் மஞ்சள் மார்புப் பைன் சிட்டின் கூட்டில் முட்டையைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். அதன் குஞ்சு முதலில் பொரிந்து, முதலில் வாயைத் திறந்து, எல்லாப் புழுவையும் தின்று, சிட்டின் சொந்தக் குஞ்சுகளைப் பட்டினி போட்டே கொன்றுவிடும். அப்படித்தான் இந்தச் சிட்டு உலகத்திலேயே இல்லாமல் போகிற நிலைக்கு வந்தது. அதனால்தான் காட்டுக்குள் அறை போன்ற கம்பிவலைக் கூண்டுகள். தினை தூவி, தண்ணீர் வைத்து, ஆசை காட்ட நாலைந்து குருவிகளை உள்ளேயே விட்டுவைப்பார்கள். மேலே உள்ள இடுக்கு வழியாக மற்றவை வந்து விழும். டுவேன் காலையில் போய் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, கட்டைவிரலால் மார்பை அழுத்துவான். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும். அப்பாவின் கட்டைவிரல் அது, மண்வெட்டி மாதிரி அகலம். அத்தனை வருடத்தில் எத்தனை குருவி என்று நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

பிறகு சிட்டு பெருகியது. அழியும் பறவைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் ஊரே கூடிக் கேக் வெட்டினோம். பட்டியலில் இருந்தவரை காவல், எடுத்த பிறகு வெறும் கவனிப்பு. பொறிகளை மூடினார்கள். மூடியபின் மாட்டுக்குருவி திரும்ப வருகிறதா, வந்தால் எத்தனை கூட்டைக் கெடுக்கிறது என்று பார்க்க எங்களைப் போட்டார்கள். பார்ப்பது மட்டும்தான் வேலை. தொடக் கூடாது. மூன்றாவது வருடமாக ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் கூண்டுகளைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று, கணக்கெடுப்பைப் பார்த்துக்கொள்கிற கேட்லின் சொல்லியிருந்தாள்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அந்தக் குண்டு முட்டையைப் பார்த்ததும் நேரே டுவேனிடம் போய்ச் சொன்னேன். பொறி வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவன், கையோடு ஆதாரம் கிடைத்தால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். நானும் ஒரு மடச்சி.

வீட்டுக்கு வந்தபோது அவன் அடுப்பருகே நின்று மான் இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறான்.

"எங்கடா அது?"

"எது?"

"நடிக்காத. ஒன் குதிகால் அங்க மணல்ல நிக்குது."

அடுப்பை அணைத்தான். குளிர்பெட்டியைத் திறந்து முட்டை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். எங்கள் கோழி முட்டைகளுக்கு நடுவே, ஒரு குழிக்குள் பாதிகூட நிறையாமல், புள்ளி போட்ட மூன்று சின்ன முட்டைகள்.

"மூணா?"

"இந்த வருஷம் மூணு."

"அட பாவி! அப்ப போன வருஷம்?"

அவன் சாப்பாட்டுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான், அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"ஏன்டா, ஒனக்கு மூளை இருக்கா? அந்த முட்டைதான் ஒனக்கு சாட்சி. அதைப் பாத்தாத்தான் பொறியத் திரும்பத் திறப்பாங்க. நீ எடுத்துட்டா என்ன ஆகும்? மாட்டுக்குருவியே இல்லைன்னு எழுதிட்டு எல்லாத்தையும் பிரிச்சுத் தூக்கிட்டுப் போவாங்க. நீயும் நானும் எத்தன நாளைக்கு இருப்போம்? அப்பறம் எவன் வந்து பொறுக்குவான்?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"அந்தத் தாய் வந்து அதுமேலயும் உக்காருது. நாலையும் ஒண்ணா அணைச்சுக்குது. நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" குரல் உடைந்தது. அவனுக்குக் குரல் உடைந்து அவன் பெண்டாட்டியின் அடக்கத்தன்றுதான் கேட்டிருக்கிறேன். "எல்லாரும் என்ன நெனைக்கிறாங்க தெரியுமா? இந்தக் குருவிய இவன் சும்மாத்தான் கொன்னிருக்கான், பொறி இல்லாமலே சிட்டு நல்லாத்தான் இருக்குன்னு. பெட்ரோல் பங்க்ல என் மூஞ்சிக்கு நேராவே கேட்டான் ஒருத்தன். நான் செஞ்சது சரின்னு ஆகணும்னா ஒரு கூடு சாகணும். அப்படி ஒரு சரி எனக்கு வேணாம்."

என் வாய் சும்மா இருக்காதே. "அப்பறம் ஏன் இதைப் பத்திரமா வச்சிருக்க? ஒடச்சிருக்க வேண்டியதுதானே?"

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். "போதும்க்கா. நெறயப் பண்ணியாச்சு."

பிறகு அவனே மெல்ல ஆரம்பித்தான். குளிர்ந்து செத்துப்போன முட்டைதானே, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன? பார்க்கிறவர்களுக்கு மாட்டுக்குருவி முட்டை இருக்கும், பொரிக்கப் போவதில்லை, சிட்டுக்குஞ்சும் பிழைக்கும், பொறியும் திறக்கும். நல்ல யோசனைதான். ஒரு நிமிடம் நான்கூட மயங்கிவிட்டேன்.

"பொய்க்கு மேல பொய்யா?" என்றேன். "அதுல எந்தக் கூடு கெட்டுச்சு, எது பொழைச்சுதுன்னு அப்பறம் எவனுக்குத் தெரியும்? சிட்டு என்ன ஆகுதுன்னு சிட்டே சொல்லட்டும்டா. நாம ரெண்டு பேரும் அது வாயில வார்த்தையத் திணிக்க வேணாம்."

"நீ சொன்னா என்னைக் காட்டுக்குள்ள விடமாட்டாங்க."

"ஆமா."

அந்த "ஆமா"வைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. அந்தக் காட்டை விட்டால் அவனுக்கு என்ன இருக்கிறது? என் சமையலறையும் தொலைக்காட்சியும்தான். நான் கேட்லினைப் போனில் கூப்பிட்டேன். அவன் எதிரில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டான்.

கேட்லின் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கார்லா, அவர் கை வச்ச கூடு எதையும் கணக்குல சேக்க முடியாது," என்றாள். போன வருடத்துக் கணக்கையும் ஒதுக்கி வைக்க வேண்டும், கூண்டுகளை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம், டுவேன் இனிமேல் கூட்டருகே போகக் கூடாது. கடைசியில், "அவர் நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் பழைய பொறிக்கூண்டு பக்கத்திலேயே எனக்கு இன்னொரு கூடு கிடைத்தது. அதிலும் ஒரு குண்டு முட்டை. டுவேன் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மணல்பாதையிலேயே நின்றுகொள்வான். ஒரு அடிகூடத் தாண்ட மாட்டான். முட்டை பொரிய வேண்டிய நாள் தாண்டி இரண்டு மூன்று நாள் ஆயிற்று. நான் உள்ளே போய்ப் படுத்து, புல்லைக் குச்சியால் விலக்கினேன்.

மாட்டுக்குருவிக் குஞ்சு கூட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. சிவந்த வாய் மட்டும்தான் தெரிந்தது. அதன் கீழே, கொஞ்சம் தள்ளி, சிட்டுக்குஞ்சுகள் இரண்டு. ஒன்று கழுத்தைத் தூக்கப் பார்த்து முடியாமல் தலையைப் போட்டது. தாய் அலகில் பச்சைப் புழுவோடு வந்து நின்றாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பெரிய வாய்க்குள் புழுவை வைத்துவிட்டு, அடுத்ததைத் தேடிப் பறந்தாள். என் கை அந்தக் கூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையை எடுத்து நெஞ்சுக்கு அடியில் போட்டு அதன்மேல் படுத்துக்கொண்டேன். டுவேனை நான் திட்டியது அத்தனையும் அப்போது என் தொண்டையில் வந்து நின்றது.

இன்னொரு பக்கமாக வெளியே வந்தேன். அவன் வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். எதிரே மூடிய கூண்டு, அதன் கம்பிவலையில் காட்டுக்கொடி ஏறியிருந்தது.

"பொரிஞ்சிடுச்சா?"

"ம்."

"நம்மளது?"

"ரெண்டு இருக்கு. இப்போதைக்கு."

"நீ ஒண்ணும் பண்ணலியே?"

"இல்லடா."

தலையை ஆட்டினான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிட்டின் ஆண் எங்கள் தலைக்கு மேலே பட்ட மரத்தின் உச்சியில் நின்று, வாலை ஆட்டி ஆட்டி, கூட்டில் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. டுவேன் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் தன் கனம் முழுவதையும் போட்டு அழுத்தி உட்கார்ந்திருந்தான்.