சாட்சி சொல்ல வந்த ஆறு

மெரிங்கா நீதிமன்றத்துக்குள் ஆறு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் இடைவேளை முடிந்த கையோடு. மேலே பருத்திப் பண்ணைக்காரர்கள் உறிஞ்சியது போக ஊருக்கு மிஞ்சியிருந்தது சில குட்டைகள்தான். அந்த மிச்சமே எழுந்து கரையேறி, தபால் நிலையத்தைத் தாண்டி, யாரையும் கேட்காமல் படியேறியது. உள்ளே டெஸ்மண்டின் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

சாராயக் கடைப் பூட்டை உடைத்தான் என்று அவன்மேல் குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் அவன் மச்சானோடு ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது எங்கள் பூர்வகுடிச் சனம் முழுதுக்கும் தெரியும். ஆனால் வழக்கு வருவதற்குள் மச்சான் நெஞ்சுவலியில் போய்விட்டான். செத்தவர் பெயரைத் துக்கம் முடியும்வரை நாங்கள் சொல்வதில்லை, எழுதுவதுமில்லை. கூட இருந்தவன் யார் என்று போலீஸ் வக்கீல் கேட்டார். மச்சான் என்றான் டெஸ்மண்ட். எந்த மச்சான் என்றார். எங்கள் முறைப்படி பாதி ஊர் அவனுக்கு மச்சான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாயடைத்துப் போனது குற்றவாளி என்பதால்தான் என்று முடிவு கட்டினார்கள், படித்தவர்கள்.

சட்ட உதவி மையத்து வக்கீல் காலையில்தான் விமானத்தில் வந்திருந்த இளம்பெண். துக்கம் முடியும்வரை வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. இடைவேளையில் அவனிடம் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிடுங்க. சனிக்கிழமை அடக்கத்துல நீங்களே பெட்டியத் தூக்கலாம்."

"சொல்லிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தூக்குறது?"

மையத்தில் வேலை பார்க்கும் லியோனி அத்தை அவள் தோளைத் தட்டினாள். "விடு புள்ள. சாயங்காலம் ப்ளேன் ஏறிடுவ. இவன் இங்கதான் இருக்கணும்."

அப்புறம்தான் ஆறு வந்தது. பழுப்புத் தண்ணீர், கணுக்காலளவு, மீன் வாடை. மச்சான் சிவப்புத் துணி சுற்றிவைத்திருந்த தூண்டில் தக்கை மிதந்துபோய் சாட்சிக் கூண்டில் நின்றது. டெஸ்மண்டின் மனைவி அதைப் பார்த்து முகத்தை மூடிக்கொண்டாள். சத்தியப் பிரமாணம் செய்யாத சாட்சியை ஏற்க முடியாது என்று சொன்ன மாஜிஸ்ட்ரேட், காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் சிறை விதித்தார். சனிக்கிழமை பெட்டியைத் தூக்கும்போது இடது பக்கம் ஓர் ஆள் குறைந்தது. அந்த இடத்தில் நிற்க யாரும் முன்வரவில்லை. பெட்டி சாய்ந்தபடியே போனது.

டெஸ்மண்ட் வெளியே வந்து ஒரு குளிர்காலம் போன பிறகு குடும்பம் கூடி, துக்கம் கழிக்கப் பச்சிலைப் புகை போட்டு, இனிப் பெயரைச் சொல்லலாம் என்றது. அவன் நேராக நீதிமன்றத்துக்குப் போய், இன்னும் வடியாத தண்ணீரில் நின்று, "அன்னைக்கு எங்கூட மீன் புடிச்சது ஆல்பி" என்றான். மேல்முறையீட்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று குமாஸ்தா மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆறு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வழக்குக்குக் காத்திருக்கும் எங்கள் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூண்டில் போடுகிறார்கள். நல்ல மீன் விழுகிறது. புதிதாக வரும் மாஜிஸ்ட்ரேட்டிடம் நீதிமன்ற ஊழியர்கள் முதலில் ரப்பர் பூட்ஸ் அளவைத்தான் கேட்கிறார்கள். தண்ணீர் ஏன் வந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.