கொடியோடு போன முட்டை வேன்

பள்ளத்தாக்கிலிருந்து நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் மண் சரிந்து, இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வண்டி போகும் அகலம்தான் மிஞ்சியிருந்தது. அங்கே செல்போனும் எடுக்காது. அதனால் இரண்டு முனையிலும் ஒவ்வொரு காவலர் நின்றார். ஒரு பக்கத்து வண்டிகளை விடும்போது கடைசி வண்டிக்காரரிடம் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தனுப்புவார்கள். கொடி வந்து சேர்ந்தால் பாதை காலி; மறுபக்கம் கிளம்பலாம்.

அன்று காலை கொடி வரவில்லை.

பள்ளத்தாக்கு முனையில் நாற்பது வண்டிகள் நின்றன. முன்னால் நின்ற பேருந்தில் ஒரு தையல்காரி இருந்தாள். நாற்பத்தொரு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள். இன்று கடைசித் தேர்வு, கணக்கு. நகரத்துப் பள்ளியில் பத்து மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். தவறினால் இன்னும் ஒரு வருஷம். மணி எட்டே முக்கால்.

"கடைசியா என்னய்யா வந்துச்சு?" பேருந்து ஓட்டுநர் கத்தினார்.

"முட்டை வேன். கையை ஆட்டிட்டே போனான். நானும் பதிலுக்கு ஆட்டிட்டேன்," என்றார் காவலர் பரிதாபமாக. "கொடி அவன்கிட்டதான் இருந்திருக்கணும்."

"அப்ப பாதை காலிதானே? விடுய்யா!"

"அவன் பின்னாடி இன்னொரு வண்டி இருந்தா? வளைவுல முட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது?"

ஆளாளுக்கு ஏசினார்கள். காவலரின் முகம் வாடிப்போனது. தையல்காரி இறங்கி வந்தாள். அங்கே அதிகம் இழக்க இருந்தவள் அவள்தான்; ஆனாலும் அவருக்கு ஒரு நல்ல வார்த்தை வைத்திருந்தாள்.

"நீங்க செய்யறது சரிதாண்ணே. நடந்து போலாமா?"

"ஓரமா நடக்கலாம்மா."

"அப்ப அந்தப் பக்கம் போய் என்ன சொல்லணும், சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். "பாதை காலியா இருந்தா, கொடிக்குப் பதிலா அங்க நிக்கற காவலரோட தொப்பியைக் கொடுத்தனுப்பச் சொல்லும்மா. எலி கடிச்ச தொப்பி. எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்."

பேருந்தில் அவளோடு வந்திருந்த கணவர் ஒரு பம்ப் மெக்கானிக். மூச்சிரைக்கக் கூடவே நடந்தார்.

"வட்டத்தோட பரப்பளவு என்ன, சொல்லு பாப்போம்."

"நீங்க முதல்ல மூச்சு விடுங்க."

வழியில் ஒரு வண்டியும் இல்லை. மறுமுனைக் காவலர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி ஒரு மோட்டார் சைக்கிள்காரரிடம் கொடுத்தனுப்பினார். மணி ஒன்பது இருபது. தொப்பி போய்ச் சேர்ந்து, பேருந்து கிளம்பி வந்தால் நேரம் தாண்டிவிடும்.

அந்தப் பக்கத்து வரிசையில் முதலில் நின்றவர் மெத்தை வேன்காரர். பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், வேனை நகரத்தை நோக்கித் திருப்பினார்.

"ஏறுங்கக்கா."

"ஐயோ, உங்க இடம் போயிடுமே!"

"ஒரு மணி நேரமா முதல் ஆளா நின்னு என்னத்தைக் கண்டேன்? கடைசி ஆளாவும் நின்னு பாக்கறேன்."

ஆண்டவன் பெரிய உதவியை ஒரே ஆளிடம் கொடுத்தனுப்புவது அபூர்வம். சின்னச் சின்னதாகப் பிரித்து நாலு பேர் கையில் கொடுத்துவிடுவதுதான் அவன் வழக்கம். வாங்கியவர்கள் கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது வேன் பள்ளி வாசலில் நின்றது. வாட்ச்மேன் குறுக்கே வந்தார்.

"பெத்தவங்க எல்லாம் மரத்தடிக்குப் போங்கம்மா."

அவள் ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். கணவர்தான் முந்திக்கொண்டார்.

"பரீட்சை அவங்களுக்குங்க. மரத்தடிக்கு நான் போறேன்."

வாட்ச்மேன் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கேட்டை அகலத் திறந்தார். "ஓடுங்கம்மா!"

அவள் ஓடினாள். கணவர் மரத்தடிக்குப் போய்ப் பெற்றோர்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பையனா, பொண்ணா?" என்று பக்கத்திலிருந்த அம்மாள் கேட்டாள்.

"வீட்டுக்காரிங்க," என்றார் அவர் பெருமையாக. "கணக்குல மட்டும் கொஞ்சம் பயம். அவளுக்கில்ல, எனக்கு."